லீஷன் எங்கே? பாதைகள் பக்கம் மாறும் இடத்தைப் பிடியுங்கள்

கேள்வி: மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். தண்டுவடத்தின் நரம்புப் பாதைகளை எல்லாம் வரைந்து வரைந்து மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் வார்டில் நோயாளியைப் பரிசோதித்து முடித்ததும் பேராசிரியர் "லீஷன் எங்கே?", அதாவது பழுது எந்த இடத்தில், என்று கேட்டால் தலை காலியாகிவிடுகிறது. எப்படிப் பழகுவது?

பதில்: நீங்கள் படித்ததில் குறை இல்லை, படித்த திசையில்தான் சிக்கல். புத்தகம் ஒவ்வொரு பாதையையும் தொடக்கம் முதல் முடிவு வரை தனித்தனியாகச் சொல்கிறது. நோயாளிக்கோ ஒரே இடத்தில் பல பாதைகள் சேர்ந்து பழுதாகியிருக்கும். நீளவாக்கில் படித்தது போதும், இனி குறுக்கே வெட்டிப் பாருங்கள்.

தொடங்குவதற்கு மூன்று பாதைகள் போதும். அவை எங்கே பக்கம் மாறுகின்றன என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் கார்டிகோஸ்பைனல் பாதையின் நார்களில் 85 முதல் 90 சதவீதம், மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் கீழ்ப்பகுதியில் எதிர்ப்பக்கம் போய்விடும். மூட்டு நிலையையும் அதிர்வையும் சொல்லும் டார்சல் காலம் (dorsal column) என்னும் பாதை, தண்டுவடம் முழுக்க அதே பக்கமாக ஏறி, முகுளத்துக்கு வந்த பிறகுதான் மாறும். வலியையும் வெப்பத்தையும் கொண்டுபோகும் ஸ்பைனோதாலமிக் பாதை, தண்டுவடத்துக்குள் நுழைந்து ஓரிரண்டு செக்மென்ட் (தண்டுவடத்தின் ஒரு மட்டம்) ஏறுவதற்குள்ளேயே மறுபக்கம் சேர்ந்துவிடும்.

இப்போது ஒரு நோயாளி. வலது கால் பலவீனம், விறைப்பு. தட்டினால் முழங்கால் ரிஃப்ளெக்ஸ் (அனிச்சை அசைவு) துள்ளுகிறது, பாதத்தைக் கீறினால் கட்டைவிரல் மேலே போகிறது. வலது காலில் மூட்டு நிலை தெரியவில்லை. இடது காலிலோ குத்தினால் வலிக்கவில்லை. அந்த மரப்பு தொப்புள் வரை ஏறுகிறது. கைகளும் முகமும் சரியாக இருக்கின்றன.

பலவீனமும் மூட்டு நிலை இழப்பும் ஒரே பக்கம், வலி இழப்பு மறுபக்கம். மூன்றும் இப்படிப் பிரிந்து நிற்கக் கூடிய இடம் தண்டுவடம்தான். பாதி அறுபட்ட தண்டுவடம் இது, வலப்பக்கப் பாதி. 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த பிரௌன்-செக்கார் பெயரால் அழைக்கிறோம். அப்புறம் உயரம். தொப்புள் என்றால் டி10, அதாவது மார்புப் பகுதியின் பத்தாவது செக்மென்ட். வலி நார்கள் ஏறிக்கொண்டே மாறுவதால் லீஷன் அதற்கு ஓரிரண்டு செக்மென்ட் மேலே, டி8 பக்கம் இருக்கலாம். கைகள் தப்பித்திருப்பதால் கழுத்துப் பகுதிக்கு வாய்ப்புக் குறைவு.

குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஸ்பைனோதாலமிக் பாதையில் கால்களிலிருந்து வரும் நார்கள் வெளி ஓரத்தில் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு கட்டி அழுத்தினால் முதலில் அடிபடுவது அவைதான். கழுத்தில் அழுத்தம் இருக்க, மரப்பு மட்டும் வயிற்றோடு நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே உணர்வு மாறும் கோட்டை ‘லீஷன் இங்கே, அல்லது இதற்கு மேலே’ என்றே படியுங்கள். கால்கள் விறைத்து ரிஃப்ளெக்ஸ் துள்ளும் நோயாளிகள் இடுப்பு முதுகெலும்பின் எம்.ஆர்.ஐ. படத்தோடு வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முதுகெலும்பின் முதல் இரண்டான எல்1, எல்2 எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள். அவை அடிபட்டால் கால் தளரும், ரிஃப்ளெக்ஸ் குறையும், விறைப்பு வராது. விறைத்த கால்களுக்கு விடை மேலே இருக்கிறது.

இன்னொரு பொறி, திடீரென ஏற்படும் தண்டுவடப் பாதிப்பு. முதல் சில நாட்களோ வாரங்களோ கால்கள் துவண்டு, ரிஃப்ளெக்ஸே இல்லாமல் இருக்கலாம். அதைப் பார்த்து, தண்டுவடத்துக்கு வெளியே உள்ள நரம்புகளின் நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உணர்வு மாறும் கோடு இருக்கிறதா, சிறுநீர் கழிக்க முடிகிறதா என்று கேளுங்கள்.

தண்டுவடத்துக்கு மேலே போனால் முகம் உதவும். முகம், கை, கால் மூன்றும் ஒரே பக்கம் பலவீனம் என்றால் பெரும்பாலும் மறுபக்கப் பெருமூளை. முகத்தின் ஒரு பாதி நெற்றியோடு சேர்ந்து செயலிழந்து, கை கால் பலவீனம் எதிர்ப்பக்கம் என்றால் மூளைத்தண்டில், அதன் நடுப்பகுதியான பான்ஸில், முகம் செயலிழந்த பக்கமாகத் தேடுங்கள்.

பழகும் முறை எளிது. பரிசோதிக்கும்போது ஊசி உணர்வை மரத்த இடத்திலிருந்து மேலே நகர்த்தி, மாறும் கோட்டை நோயாளியையே சொல்லச் சொல்லுங்கள். முடித்ததும் ஒரு காகிதத்தில் தண்டுவடத்தின் குறுக்குவெட்டை வரைந்து, பழுதான பாதைகளை மட்டும் நிழலிடுங்கள். பக்கம், உயரம் இரண்டையும் எழுதிவிட்டு அப்புறம்தான் எம்.ஆர்.ஐ. படத்தைத் திறக்க வேண்டும். விடை தவறியிருந்தால், அனுமதி கேட்டு அதே நோயாளியிடம் திரும்பப் போய், எந்த அறிகுறியைத் தவறாக எடுத்தீர்கள் என்று மறுபடி பரிசோதித்துப் பாருங்கள்.