செய்தித்தாள், இதழ் வடிவமைப்புக்கும் ஓவியத்துக்கும் எதை வைத்து விருது கொடுக்கிறார்கள்?

ஓவியம் படிக்கும் மாணவர் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். கைவசம் மூன்று ஓவியங்கள் இருக்கின்றன, எதைப் போட்டிக்கு அனுப்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பதினாறு ஆண்டுகளாகப் பக்கம் வடிவமைப்பதுதான் என் தொழில். முதன்முதலாகப் போட்டிக்கு நான் அனுப்பியது தண்ணீர்ப் பற்றாக்குறை குறித்த ஒரு ஞாயிறு சிறப்புப் பக்கம். நடுவில் பெரிய ஓவியம், சுற்றிலும் நான்கு இன்ஃபோகிராபிக் (தகவலைப் படமாகச் சொல்லும் கட்டங்கள்), மூன்று எழுத்துருக்கள், நீலத்திலிருந்து பழுப்புக்கு மாறும் தலைப்பு, ஓரத்தில் காலவரிசை. எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் அதில் இருந்தது. பாராட்டுச் சான்றிதழ்கூட வரவில்லை. எங்கள் ஆர்ட் டைரக்டர் அந்தப் பக்கத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, "இதில் எதை வேண்டாம் என்று தள்ளினாய்?" என்று கேட்டார். "ஒன்றையும் தள்ளவில்லை, சார்" என்றேன். "அதுதான் தெரிகிறதே" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு, பரிசு பெற்ற பக்கங்களை அந்த ஒரு கேள்வியோடு பார்க்கப் பழகிக்கொண்டேன். பெரும்பாலானவற்றில், ஆசிரியர் குழுவில் யாரோ ஒருவர் மனமில்லாமலோ துணிந்தோ எதையோ விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

2020 மே 24, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் புகைப்படம் இல்லை, ஓவியம் இல்லை, வரைபடம் இல்லை. அமெரிக்காவில் கோவிட் மரணங்கள் ஒரு லட்சத்தை நெருங்கிய நேரம். இறந்தவர்களில் ஆயிரம் பேரின் பெயர்களை, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு சிறு குறிப்போடு, பத்தி பத்தியாக அடுக்கியிருந்தார்கள். அந்தப் பட்டியல் முதல் பக்கத்தில் அடங்காமல் உள்ளேயும் தொடர்ந்தது. தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் நிறச் சுவர்; கிட்டே போனால் ஒவ்வொரு வரியும் ஓர் ஆள். மேல்நோக்கி ஏறும் ஒரு வளைகோட்டைப் போட்டு அந்தச் செய்தியைச் சுலபமாக முடித்திருக்கலாம். வளைகோடுகளை வாசகர்கள் மாதக்கணக்கில் பார்த்துச் சலித்திருந்தார்கள். அந்தச் சலிப்பைப் புரிந்துகொண்டதுதான் அங்கே வடிவமைப்பு. அழகு என்ற சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் வேலையே இல்லை.

ஒரு பக்கம் இப்படி இரண்டு தொலைவுகளில் வேலை செய்கிறதா என்பதை நடுவர்கள் முதலில் பார்ப்பார்கள். செய்தி வடிவமைப்புக்கான சங்கம் 1979இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் ஆண்டுப் போட்டிக்கு ஆயிரக்கணக்கில் பக்கங்கள் வந்து குவியும். சிறப்புச் சான்றிதழ் முதல் தங்கம் வரை படிகள் உண்டு. அந்தக் குவியலில் ஒரு பக்கத்துக்கு முதலில் கிடைப்பது சில நொடிகள்தான். அந்த நொடிகளில் பார்ப்பவரை நிறுத்துவது தொலைவிலிருந்து தெரியும் உருவம். நின்றவர் குனிந்து படிக்கும்போது அங்கே விஷயம் இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். என் தண்ணீர்ப் பக்கம் அந்த முதல் நொடியிலேயே தோற்றிருக்கும். எங்கே பார்ப்பது என்றே அதில் தெரியாது.

இதழ்களின் அட்டை வேறு உலகம். அட்டையில் வேண்டாம் என்று சொல்வது இன்னும் கடினம், ஏனென்றால் விற்பனைப் பிரிவு பக்கத்திலேயே நிற்கும். எஸ்குவயர் என்ற அமெரிக்க ஆண்கள் இதழுக்கு 1962 முதல் பத்து ஆண்டுகள் அட்டைகளை உருவாக்கிய ஜார்ஜ் லோயிஸ் அந்த இதழின் ஊழியரே அல்ல, விளம்பரத் துறைக்காரர். 1968 ஏப்ரல் அட்டையில் முகமது அலி, உடலில் அம்புகள் தைத்தபடி, அம்பெய்யப்பட்ட கிறிஸ்தவத் தியாகி புனித செபஸ்தியாரின் தோற்றத்தில் நிற்கிறார். பின்னணி வெறுமை. வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேவையை மறுத்ததற்காக அலியின் குத்துச்சண்டைப் பட்டம் பறிக்கப்பட்டிருந்த காலம் அது. ஒரு நீண்ட தலையங்கம் சொல்ல வேண்டியதை அந்த நிற்கும் கோலமே சொல்லிவிட்டது. 2008இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் லோயிஸின் எஸ்குவயர் அட்டைகளைக் காட்சிக்கு வைத்தது. என்னைக் கேட்டால் அந்தப் பெருமையில் பாதி, இதழின் அப்போதைய ஆசிரியர் ஹரால்ட் ஹேய்ஸுக்குச் சேர வேண்டும். அட்டையை வெளியாள் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, வந்த எதிர்ப்பைத் தான் வாங்கிக்கொண்டவர் அவர்.

நியூயார்க்கர் இதழின் 2001 செப்டம்பர் 24 அட்டையைத் திரையில் பார்த்தவர்கள் அதை முழுதாகப் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மனும் இதழின் கலை ஆசிரியர் பிரான்ஸ்வாஸ் மூலியும் செய்தது. கறுப்பின்மேல் கறுப்பாக, செப்டம்பர் 11 தாக்குதலில் இடிந்துபோன உலக வர்த்தக மையத்தின் இரண்டு கோபுரங்களின் நிழலுரு. பின்னணிக் கறுப்பு வழக்கமான நான்கு அச்சு மைகளால் (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு) ஆனது. கோபுரங்கள் ஐந்தாவதாக ஒரு கறுப்பு மையால் அச்சிடப்பட்டவை. வெளிச்சத்தில் தாளைச் சாய்த்தால்தான் அவை தெளிவாகத் தெரியும். ஒரு கோபுரத்தின் ஆன்டெனா இதழின் பெயரிலுள்ள ஓர் எழுத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். இல்லாமல் போன ஒன்றை இருந்தும் இல்லாமலும் காட்ட, மையையே கருவியாக்கினார்கள். இப்போது பல போட்டிகளுக்குப் பக்கங்களைக் கோப்பாகவே அனுப்புகிறோம். இப்படிப்பட்ட வேலை அங்கே என்ன ஆகும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

மை பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு தொழில் விஷயம். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும். அச்சில் நிறமும் நிழலும் சிறு மைப் புள்ளிகளால் ஆனவை; திரையில் 50 சதவீதமாக வைத்த புள்ளி, அச்சில் ஏறக்குறைய 76 சதவீதமாகப் பருத்துவிடும் என்பதே அத்துறையின் தரக் கணக்கு. ஒவ்வொரு மையும் நூறு என்றால் நானூறு வரை போகக்கூடிய நான்கு மைகளின் மொத்த அளவையும் 240 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். மிஞ்சினால் அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கறுப்புப் பட்டையில் மெல்லிய வெள்ளை எழுத்துகளைப் போட்டால், மைகள் இம்மியளவு விலகினாலும் எழுத்து அடைபட்டுப்போகும். இதையெல்லாம் தெரிந்து வரையும் ஓவியர் நிழலைக் குறைப்பார், கோட்டைத் தடிப்பாக்குவார். தெரியாதவரின் ஓவியம் திரையில் ஜொலிக்கும், தாளில் சேறாகும்.

இனி ஓவியம். ஒரு கட்டுரை கையில் வந்ததும் முதல் அரை மணி நேரத்தில் தோன்றுவது எல்லோருக்கும் தோன்றும். யோசனை என்றால் பல்பு. நீதி என்றால் தராசு. அரசியல் என்றால் சதுரங்கக் காய். மனஅழுத்தம் என்றால் தலைக்குள் சிக்கிக்கொண்ட நூல்கண்டு. அந்த நூல்கண்டை எத்தனை நேர்த்தியாக வரைந்தாலும் நடுவருக்கு அது அன்றைய நாளின் இருபதாவது நூல்கண்டு. கைத்திறன் இருப்பவர்களே இந்தப் பள்ளத்தில் அதிகம் விழுகிறார்கள். நன்றாக வரைய வருவதால், யோசிப்பதற்கு முன்பே வரையத் தொடங்கிவிடுகிறார்கள்.

சால் ஸ்டைன்பெர்க் 1976 மார்ச் 29 நியூயார்க்கர் அட்டைக்கு வரைந்ததைப் பாருங்கள். படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் மன்ஹாட்டனின் இரண்டு மூன்று தெருக்கள், கார்களும் கட்டடங்களுமாக. அதற்கு அப்பால் ஆறு. அதற்கும் அப்பால் அமெரிக்கா முழுவதும் ஒரு சிறு செவ்வகம். பிறகு பசிபிக் கடல். தொடுவானத்தில் சீனா, ஜப்பான், ரஷ்யா என மூன்று மேடுகள். தன் தெருவையே உலகம் என்று நினைப்பவரைப் பற்றிய நையாண்டி, வெறும் அளவுகளை மாற்றியதால் வந்தது. கோடுகள் எளியவை, கண்ணோட்டம்தான் புதிது. உலகெங்கும் எத்தனையோ ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை வைத்து அதையே வரைந்து பார்த்துவிட்டார்கள்.

2016 ஆகஸ்டில் டைம் இதழுக்கு எடெல் ரோட்ரிகஸ் வரைந்த டிரம்ப் முகமும் அப்படித்தான். உருகி வழியும் ஆரஞ்சு, மேலே மஞ்சள், திறந்த வாய். கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனாலும் யார் என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு நீக்கினாலும் ஆளை அடையாளம் தெரியும் என்று அளந்து நீக்குவது, எல்லாவற்றையும் வரைவதைவிடப் பன்மடங்கு கடினம்.

ஓவியம் செய்தியின் வேலையையே முழுதாக ஏற்பதும் உண்டு. அமெரிக்க இதழியலின் பெரிய விருதான புலிட்சர் பரிசில் கார்ட்டூனுக்கு 1922 முதல் இடம் உண்டு. 2022இல் அந்தப் பிரிவை விரித்து, சித்திரச் செய்திகளையும் சேர்த்தார்கள். அந்த ஆண்டு பரிசு பெற்றது, சீனாவில் உய்குர் மக்கள் மீதான ஒடுக்குமுறையைச் சித்திரக்கதை வடிவில் சொன்ன இன்சைடர் தளத்தின் படைப்பு. கேமரா நுழைய முடியாத இடம். சாட்சி சொன்னதை வரையத்தான் முடியும். வரையும்போது சொல்லாததைச் சேர்க்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு நம் துறையில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

இன்ஃபோகிராபிக்கில் எனக்கே இன்னும் முழுதாகத் தீராத ஒரு வழக்கு உண்டு. 2011 டிசம்பரில் ஹாங்காங் நாளிதழான சவுத் சைனா மார்னிங் போஸ்டில் சைமன் ஸ்கார், இராக் போரின் உயிரிழப்புகளைப் பட்டை வரைபடமாகப் போட்டார். ஆனால் பட்டைகளைத் தலைகீழாக, மேலிருந்து கீழே தொங்கவிட்டார், நிறம் சிவப்பு. பக்கத்தில் இரத்தம் வழிவது போலிருக்கும். எண் எதுவும் மாறவில்லை. இருந்தாலும், அதே வரைபடத்தை நேராகத் திருப்பி நீல நிறம் பூசி, தலைப்பை மாற்றினால், உயிரிழப்பு குறைகிறது என்ற நிம்மதிச் செய்தியாகிவிடும். இது நேர்மையா? அந்த ஒரு பக்கத்துக்கு நேர்மை என்பேன், தன் சார்பை அது மறைக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டுச் சாதாரண விலைவாசிக் கணக்கையெல்லாம் தலைகீழாகத் தொங்கவிடுபவர்களை மன்னிக்க முடியாது.

எழுத்துரு, பத்தி அமைப்பு இவற்றுக்குப் பரிசு வருவது அரிது, வந்தாலும் கூட்டம் சேராது. 1932இல் லண்டன் டைம்ஸுக்காக ஸ்டான்லி மோரிசன் மேற்பார்வையில் உருவான டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துரு இன்றும் உலகெங்கும் கணினிகளில் இருக்கிறது. படிப்பவர் யாரும் அதை நின்று கவனிப்பதில்லை. நல்ல நடுவர்கள் இதைக் கவனிப்பார்கள். குறுகிய பத்தியில் நீளமான சொல் வரும்போது சொற்களுக்கிடையிலான வெள்ளை இடைவெளி வரிக்கு வரி ஆறு போல ஓடுகிறதா, படக்குறிப்பு படத்தை விட்டு விலகி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். தமிழில் இது இரட்டிப்புத் தலைவலி. ஒரே சொல் முழு வரியையும் அடைத்துக்கொள்ளும்.

விருதுகள் எப்போதும் சரியாகத்தான் போகின்றன என்றும் நான் சொல்லமாட்டேன். போட்டிக்கென்றே செய்த, படிக்கவே முடியாத பக்கங்கள் பதக்கத்தோடு போனதைப் பார்த்திருக்கிறேன். இரவு பதினொரு மணிக்குச் செய்தி மாறி, நாற்பது நிமிடத்தில் மறுபடி போட்ட பக்கத்தின் சாமர்த்தியம் நடுவர் மேசையில் தெரியாது. அந்தப் பக்கங்களைத்தான் நான் வீட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மூன்று ஓவியங்களுக்கு வருகிறேன். ஒவ்வொன்றையும் கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் காட்டி, எதைப் பற்றியது என்று கேளுங்கள். அவர் பாதியாவது சரியாகச் சொல்ல வேண்டும். முழுதாகச் சொல்லிவிட்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பிறகு கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, ஓவியத்தை மறுபடி காட்டுங்கள். முதல் தடவை கண்ணில் படாத ஏதாவது ஒன்றை இப்போது அவர் விரலால் தொட்டுக் காட்டினால், அதை அனுப்புங்கள்.