கலைக்குள் கால் வைத்தவர்களுக்கு: குறுக்கெழுத்துக் கேள்வி பதில்

போன ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிய கிரிப்டிக் (சொல்விளையாட்டில் விடையை ஒளித்து வைக்கும்) குறுக்கெழுத்துக்கு விடைகளைவிடக் கேள்விகள்தான் அதிகம் வந்தன. கொஞ்சம் திட்டும் வந்தது. குறிப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைக் காட்டும். புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு.

கேள்வி: சார், நான் சாதாரணக் குறுக்கெழுத்துதான் போட்டுப் பழக்கம். "சமுத்திரத்தை வறுத்துக் கொறிக்கலாம் (3)" என்று பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன். இதை எங்கிருந்து பிடிப்பது?

பதில்: மூடியிருக்க வேண்டாம், இருப்பதிலேயே சுலபமானது அதுதான். குறிப்பின் தொடக்கத்திலோ கடைசியிலோ விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மீதிப் பகுதி அதே விடையைச் சொல்விளையாட்டாகச் சொல்லும். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வாக்கியம் மாதிரி நடிக்கும். நீங்கள் அந்த வாக்கியத்தை நம்பாமல், எங்கே வெட்டலாம் என்று மட்டும் பாருங்கள். இங்கே முதல் சொல்லோடு வெட்டுங்கள். சமுத்திரத்தை என்றால் கடலை. வறுத்துக் கொறிப்பதும் கடலை. சிலர் "கடல்" என்று போட்டிருந்தார்கள். அதற்கும் மூன்று எழுத்து என்பதால் கட்டத்தில் பொருந்திவிடும். ஆனால் குறிப்பில் இருக்கும் "ஐ" உருபை யார் சாப்பிட்டது?

கேள்வி: அண்ணா, "கலைக்குள் கால் வைத்தால் மனக்கஷ்டம் (3)". குறுக்கே வந்த எழுத்துகளை வைத்துக் கவலை என்று போட்டேன், சரியாகவும் இருந்தது. ஆனால் கால் எங்கே போச்சு?

பதில்: இதைக் கேட்க மாட்டீர்களா என்றுதான் காத்திருந்தேன்! கலைக்குள், அதாவது க-வுக்கும் லை-க்கும் நடுவே, "வ" நிற்கிறது. பழைய தமிழ்க் கணக்கில் கால் என்ற பின்னத்துக்கு "வ" என்பதுதான் குறி. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று "எட்டேகால் லட்சணமே" என்று தொடங்கும். கம்பரைத் திட்டியது என்று கதை. எட்டுக்குக் குறி அ, காலுக்குக் குறி வ, சேர்த்தால் அவலட்சணமே! அதே பாட்டில் அடுத்து "எமனேறும் பரியே" என்று வரும். எமன் ஏறும் குதிரை எது? எருமை. முதல் குறுக்கெழுத்து 1913-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் அச்சானது என்பார்கள். கட்டம் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம், குறிப்பு எழுதும் குசும்பு நம் வீட்டுச் சரக்கு. இந்தக் குறிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்: க 1, உ 2, ரு 5, எ 7, அ 8, ய 10.

கேள்வி: ஆங்கில கிரிப்டிக் பல வருஷமாகப் போடுகிறேன். அங்கே அனகிராம், அதாவது எழுத்துகளைக் கலைத்துப் போடும் குறிப்பு, இல்லாத நாளே கிடையாது. உங்கள் கட்டத்தில் "நகரம் குழம்பினால் பாவிகளுக்கு இருப்பிடம் (4)" ஒன்றுதான் இருந்தது. ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

பதில்: கஞ்சத்தனம் இல்லை, பஞ்சம். நமக்கு "கு" என்பது ஒரே கட்டம், அதை க் என்றும் உ என்றும் பிரிக்க மாட்டோம். அதனால் கலைத்துப் போட்டு வேறு சொல் எடுப்பது தமிழில் கடினம். நகரம், நரகம் மாதிரி ஜோடி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் புதிரை உடைப்பவர்களுக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது. புள்ளி எழுத்தில் சொல் தொடங்காது. அ, ஆ மாதிரி உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். க், ச், த், ப் வந்தால் அடுத்த எழுத்து அதே வரிசையில்தான் இருக்கும்: பக்கம், பச்சை, பத்து, பப்பாளி. ட், ற் இரண்டும்தான் வேலி தாண்டும்: நட்பு, முயற்சி. ஆக, கட்டத்தில் ஒரு "த்" விழுந்தால் அடுத்த கட்டம் பாதி நிரம்பின மாதிரி. எந்த மெய்க்குப் பின் எது வரும் என்று பள்ளியில் எரிச்சலோடு படித்த மெய்ம்மயக்கம் இங்கேதான் உதவுகிறது.

கேள்வி: நான் தமிழாசிரியை. "விலகு திரைகளுக்கு நடுவே பந்தயத்தில் ஓடுவது (3)" குறிப்பில் "விலகு திரை" என்று ஒற்று இல்லாமல் எழுதியது விடைக்காகச் செய்த தில்லுமுல்லா?

பதில்: இல்லை டீச்சர், அது வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு மாதிரி ஒற்று மிகாது. "விலகு திரைகள்" என்பதைச் சேர்த்து எழுதி நடுவில் பாருங்கள்: வில-குதிரை-கள். ஆனால் நீங்கள் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது. முதலில் நான் எழுதியது "அழகு திரைச்சீலைக்குள்" என்று. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அழகுத் திரைச்சீலைன்னு வரணுமே" என்றாள். த் உள்ளே நுழைந்ததும் குதிரை "குத்திரை" ஆகிவிட்டது. அரை நாள் யோசித்துத்தான் விலகு கிடைத்தது.

கேள்வி: "பாட்டுக்குப் பின் குளிர்காற்று வீச, சிறுமி உடுத்தியது (3)". பாவாடை சரி. ஆனால் பாட்டு எப்படி "பா" ஆகும்?

பதில்: பா என்றாலே பாட்டுதான்: வெண்பா, ஆசிரியப்பா. வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று வாடை. இப்படி ஓரெழுத்தில் பொருள் தரும் சொற்கள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. கோ அரசன், கா சோலை, ஆ பசு, நா நாக்கு. புதிர் கட்டுபவனுக்கு இவை சில்லறைக்காசு மாதிரி, எப்போதும் பையில் இருக்க வேண்டும். "மா" ஒன்றே போதும்: மரம், மாவு, பெரிய, விலங்கு, அப்புறம் கணக்கில் இருபதில் ஒரு பங்கு.

கேள்வி: "தலையை வெட்டினாலும் கவிதை முளைக்கும் (2)". விடை விதை என்கிறீர்கள். விதை பெயர்ச்சொல், முளைக்கும் வினை. இது அழுகுணி ஆட்டம்.

பதில்: ஒப்புக்கொள்கிறேன். "முளைப்பது" என்று போட்டிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க முடியாது. ஆனால் "தலையை வெட்டினாலும் கவிதை முளைக்கும்" என்று தானாக வந்து விழுந்த வரியைக் கெடுக்க மனசு வரவில்லை. கட்டத்துக்கு ஒரு தடவை இந்த மாதிரி சறுக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை செய்தால் திட்டலாம்.

கேள்வி: அடுத்த கட்டம் எப்போது?

பதில்: ஞாயிறு காலை. அதுவரைக்கும் இதை மென்றுகொண்டிருங்கள்: முதலில் பல்லால் கவ்வு, பிறகு மிளகாயின் குணம் நேரம் காட்டும் (5).