‘கெட்’ பாமரச் சொல்லா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஆங்கிலக் கட்டுரையில் “ஐ காட் வெட் இன் த ரெய்ன் அண்ட் காட் எ ஃபீவர்” என்று எழுதியிருந்தான். ஆசிரியர் இரண்டு ‘காட்’டையும் சிவப்பு மையில் அடித்துவிட்டு, “கெட் என்றால் பெறு. நல்ல ஆங்கிலத்தில் ரிசீவ், அப்டெய்ன் என்றுதான் எழுத வேண்டும்” என்று குறிப்பு எழுதியிருக்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. உங்கள் ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தில் மட்டும் ஏன் இந்தப் பாமரச் சொல்லை அள்ளி இறைக்கிறீர்கள்?
(ஒரு வாசகர், விருத்தாசலம்)

பதில்: உங்கள் மகன் எழுதியதில் பிழை எதுவும் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவரும் அந்த இடத்தில் அப்படித்தான் எழுதுவார். நீங்களும் ஆசிரியர் பக்கம் நிற்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் சொன்ன சொற்களை அதே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். “ஐ ரிசீவ்ட் எ ஃபீவர்” என்று யாரும் சொல்வதில்லை. ரிசீவ் என்றால் ஒருவர் அனுப்புவதை அல்லது கொடுப்பதை இன்னொருவர் பெற்றுக்கொள்வது. அப்டெய்ன் என்பது கேட்டோ முயன்றோ பெறுவது. அனுமதிக்கு அது பொருந்தும், காய்ச்சலுக்குப் பொருந்தாது. ‘வெட்’ என்ற சொல்லுக்கு முன்னால் இந்த இரண்டுமே நிற்காது. ‘பிகேம் வெட்’ இலக்கணப்படி சரி. ஆனால் மழையில் நனைந்து வீட்டுக்குள் வருகிறவர் பேசும் ஆங்கிலம் அது இல்லை.

‘கெட் என்றால் பெறு’ என்று ஒரே சொல்லில் பொருள் சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பதுதான் இங்கே கோளாறு. இல்லாத ஒன்று வந்து சேர்வது, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவது, இதுதான் அந்த வினையின் அடிப்படை. “இட் இஸ் டார்க்” என்றால் இருட்டாக இருக்கிறது. “இட் இஸ் கெட்டிங் டார்க்” என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. “ஷி இஸ் மேரீட்” என்பது அந்தப் பெண் திருமணமானவர் என்ற தகவல்; “ஷி காட் மேரீட் இன் மே” என்றால் மே மாதத்தில் திருமணம் நடந்தது. கடிதம் கைக்கு வந்தாலும், பேருந்து மதுரைக்கு வந்து சேர்ந்தாலும், புரியாத கணக்கு திடீரென்று புரிந்தாலும் இந்த ஒரு வினையே போதும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. “வகுப்பில் திட்டு வாங்கினான்” என்கிறோம். அந்த ‘வாங்கினான்’ கடையில் வாங்குவது அல்ல என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அதுவே “ஹி காட் ஸ்கோல்டட்”. “முடி வெட்டிக்கொண்டேன்” என்கிறோம். கத்தரி பிடித்தவர் வேறொருவர் என்பது கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதை “ஐ காட் மை ஹேர் கட்” என்பார்கள். “ஐ கட் மை ஹேர்” என்றால் நீங்களே வெட்டிக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

நாம் உண்மையில் தடுமாறும் இடம் வேறு. “எனக்குக் காய்ச்சல் வந்தது” என்ற வாக்கியத்தில் காய்ச்சல்தான் எழுவாய். ஆங்கிலத்திலோ ஆள் எழுவாயாக நிற்க வேண்டும். அதனால்தான் நம் பிள்ளைகள் பலர் “ஃபீவர் கேம் டு மீ” என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டி “காட் எ ஃபீவர்” என்று எழுதியிருக்கிறான். பாராட்ட வேண்டிய இடத்தில் அடித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், பாமரச் சொல் என்கிறீர்களே. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்த வினை இது. டேக் என்ற வினையும், ‘அவர்கள்’ என்று பொருள்படும் தே என்ற சொல்லும்கூட அங்கிருந்து வந்தவைதான். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், காயீனைப் பெற்றெடுத்த ஏவாள் “ஐ ஹேவ் காட்டன் எ மேன்” என்கிறாள். அமெரிக்கர்கள் கெடுத்த வடிவம் என்று பலர் நினைக்கும் ‘காட்டன்’, அதாவது ‘ஹேவ்’ உடன் வரும் ‘கெட்’டின் வடிவம், அவ்வளவு பழையது. சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் அகராதிக்கு எழுதிய முன்னுரையில் கெட், கிவ், புட், செட், ரன் போன்ற வினைகளைப் பட்டியலிட்டு, இவற்றின் பொருள் மணிக்கு மணி இடம் மாறுகிறது என்கிறார். புயலில் ஆடும் தோப்பை, தண்ணீரில் தெரியும் அதன் நிழலைப் பார்த்துத் துல்லியமாக வரைய முடியாதது போல, இவற்றை அகராதிக்குள் அடக்க முடியாது என்பது அவர் வாதம். அகராதி எழுதியவரே அப்படிச் சொல்லும்போது, ‘பெறு’ என்ற ஒற்றைச் சொல்லோடு வகுப்பில் கதையை முடிப்பது நியாயமில்லை.

சரி, எங்கும் கெட் போடலாமா? கூடாது. ஒப்பந்தத்திலும் நீதிமன்ற மனுவிலும் ஆய்வுக் கட்டுரையிலும் ரிசீவ், அப்டெய்ன் போன்றவைதான் பொருத்தம். ஆனால் நம்மில் பலருக்கு முதலில் பழகிய ஆங்கிலமே அலுவலகக் கடித ஆங்கிலம்தான். “வீ ஆர் இன் ரிசீப்ட் ஆஃப் யுவர் லெட்டர்” என்ற தோரணைதான் உயர்ந்த ஆங்கிலம் என்ற எண்ணம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. மழையில் நனைந்ததைப் பற்றி ஒரு பிள்ளை எழுதும் கட்டுரையில் அந்தத் தோரணைக்கு இடமில்லை.

சிவப்பு மை தேவைப்படும் இடமும் உண்டு. “டிட் யூ காட் த புக்?”, “ஐ டிட் நாட் காட் இட்” என்று படித்து வேலைக்குப் போனவர்கள்கூடப் பேசுகிறார்கள். ‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலம் அதிலேயே அடங்கிவிடுகிறது. அதற்குப் பின் ‘கெட்’தான் வர வேண்டும். உங்கள் மகனிடம் இந்தப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் திருத்துங்கள்.

அந்தக் கட்டுரையை ஆசிரியரிடம் திரும்ப எடுத்துப் போங்கள். கூடவே, மாணவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதி ஒன்றையும் எடுத்துப் போய், ‘கெட்’ என்ற பதிவை இருவரும் சேர்ந்து படியுங்கள். குறைத்த மதிப்பெண்ணை மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். எங்கள் பயிற்சிப் பக்கத்தில் ‘கெட்’ தொடர்ந்து வரும். அடுத்த இதழில் ‘கெட் ஓவர்’, ‘கெட் அலாங்’, ‘கெட் அவே வித்’ மூன்றையும் எடுத்துக்கொள்கிறோம்.