அட்ரினலின் ஊசி போட்டால் நின்றுபோன இதயம் திரும்ப ஓடிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. இதயம் திரும்பத் துடிக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடும். ஆனால் ஆள் பிழைத்து, பழையபடி எழுந்து நடமாடுவாரா என்பது வேறு கணக்கு.

அவசரப் பிரிவில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். அப்போதெல்லாம் நான் சொல்வது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த பாராமெடிக்-2 ஆய்வைத்தான். வார்விக் பல்கலைக்கழகத்தின் கேவின் பெர்கின்ஸ் தலைமையில் 2014 முதல் 2017 வரை, மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன 8,014 பேரிடம் நடந்தது. பாதிப் பேருக்கு அட்ரினலின், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். சிரிஞ்சுகள் பார்க்க ஒரே மாதிரி. ஊசி போடுகிற பாராமெடிக்குக்கே, அதாவது ஆம்புலன்ஸில் வரும் மருத்துவப் பணியாளருக்கே, எது எதுவென்று தெரியாது. நினைவின்றிக் கிடப்பவரிடம் சம்மதம் எப்படி வாங்குவது? அதனால் ஆய்வில் சேர விரும்பாதவர்கள் முன்கூட்டியே ஒரு கைவளையம் கேட்டு வாங்கி அணிந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. உப்புநீர் கொடுப்பது கொலை என்று திட்டியவர்களும் உண்டு. எனக்கென்னவோ, பல பத்தாண்டுகளாகப் பழக்கத்தில் போட்டுவந்த ஒரு மருந்தைச் சோதிக்காமல் விட்டதுதான் பெரிய தப்பாகத் தெரிகிறது.

சரி, முடிவு என்ன? மருத்துவமனைக்குப் போகும் முன்பே இதயம் திரும்பத் துடித்தது அட்ரினலின் பெற்றவர்களில் 36 சதவீதம் பேருக்கு, உப்புநீர் பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கு. இதோடு நிறுத்திக்கொண்டால் மருந்துக்கு மாலையே போடலாம். 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்களோ 3.2 சதவீதம், 2.4 சதவீதம். வீடு திரும்பும்போது மூளை பெரிதாகப் பாதிக்கப்படாமல் இருந்தவர்கள் 2.2, 1.9, அது வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். பிழைத்தவர்களுக்குள் கடுமையான மூளைப் பாதிப்போடு இருந்தவர்கள் அட்ரினலின் பக்கம் 31 சதவீதம், மறுபக்கம் 17.8. இந்த மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி இதயத்துக்கு இரத்தத்தைத் தள்ளுகிறது. அதே வேலை மூளையின் நுண்குழாய்களில் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது என்று கருதுகிறார்கள்.

அந்த ஆய்வுக் கட்டுரையில் என்னை உறைக்கவைத்த ஒப்பீடு இன்னொன்று. ஒரு உயிரைக் காக்க 112 பேருக்கு அட்ரினலின் போட வேண்டும். பக்கத்தில் நிற்பவர் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தும் முதலுதவி, செய்தால் 15 பேருக்கு ஒருவர் பிழைக்கிறார். இதயத்துக்குச் சீக்கிரம் மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுத்தால் 5 பேருக்கு ஒருவர். ஆம்புலன்ஸுக்குப் போன் வந்ததிலிருந்து ஊசி போடுவதற்கே அந்த ஆய்வில் சுமார் 21 நிமிடம் ஆகியிருக்கிறது. அதற்குள் மூளையின் கதை பெரும்பாலும் முடிந்துவிடும்.

இன்றும் சிகிச்சை வழிமுறையில் அட்ரினலின் இருக்கிறது, நாங்களும் போடுகிறோம். நீங்கள் கவலைப்பட வேண்டியது அதற்கு முந்தைய நிமிடங்களைப் பற்றி. விழுந்தவர் தட்டிக் கூப்பிட்டும் அசையாமல், எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து மீன்போல் இழுத்தால், 'மூச்சு இருக்கே' என்று காத்திருக்காதீர்கள், அது மூச்சல்ல. ஒருவரை ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். கை ஓய்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிவிடுங்கள்.