சென்னையில் கண்டுபிடித்த ‘ஏசியா’ சிறுகோள் கருங்கல்லா? மதுரையிலிருந்து அதைப் பார்க்க முடியுமா?

பார்க்க முடியும், ஆனால் கல்லாகத் தெரியாது, இடம் மாறும் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். கருங்கல்லா என்றால், இல்லை.

நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை 1861இன் தொடக்கத்தில் ஏற்ற நார்மன் போக்சன், அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று இதைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால்தான் இந்தப் பெயர். வரிசை எண் 67. சூரியனிலிருந்து சராசரியாக 36 கோடி கி.மீ. தொலைவில், சிறுகோள் பட்டையின் உட்பகுதியில் இருந்துகொண்டு, ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 3 ஆண்டு 9 மாதம் எடுத்துக்கொள்கிறது. குறுக்களவு 60 கி.மீ. அளவில் இருக்கும், ஒரு முனையை மதுரையில் வைத்தால் மறுமுனை திண்டுக்கல் பக்கம் போய் நிற்கும்.

ஏசியா ஒரு ‘கல் வகைச் சிறுகோள்’ என்று படித்ததும் மதுரைப் பக்கத்து யானைமலை நினைவுக்கு வருவது நம் ஊர்க்காரர்களுக்கு இயல்புதான். ஆனால் மேலூர்க் குவாரிகளில் அறுத்தெடுக்கும் கிரானைட்டில், அதாவது கருங்கல்லில், குவார்ட்சு, ஃபெல்ஸ்பார் என்னும் கனிமங்கள் மிகுதி. பூமியின் மேலோடு பலமுறை உருகிப் பிரிந்து உறைந்ததால் உண்டான பாறை அது. எஸ் வகை எனப்படும் இந்தச் சிறுகோள்களில் இருப்பவையோ ஒலிவின், பைராக்சின் ஆகிய கனிமங்களும் இரும்பு, நிக்கல் உலோகமும்தான். அதே எஸ் வகையைச் சேர்ந்த, பூமிக்கு அருகில் வந்துபோகும் இட்டோக்காவாவிலிருந்து ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010இல் கொண்டுவந்த தூசியை ஆராய்ந்தபோது, பூமியில் மிகுதியாக விழும் கல் விண்கற்களின் இயல்போடு அது பொருந்தியது.

இனிப் பார்ப்பதைப் பற்றி. வானத்துப் புள்ளிகளின் பொலிவை ஒளித்தரம் என்னும் எண்ணால் குறிப்பார்கள், எண் கூடக்கூட மங்கல். வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை 6ஆம் ஒளித்தரம். ஏசியா மிகவும் பொலிவாக வரும் காலத்திலும் 10ஐ ஒட்டியே இருக்கும், அதாவது ஏறக்குறைய 40 மடங்கு மங்கல். (ஐந்து ஒளித்தரம் என்பது சரியாக 100 மடங்கு என்னும் அளவுகோலை 1856இல் முன்மொழிந்தவரும் இதே போக்சன்தான்.) மதுரை நகரின் விளக்கொளியில் இது வீண் முயற்சி என்பதால், அழகர்கோவிலுக்கு அப்பால் என் மாமனாருடைய வயலில், பம்புசெட்டு அறையின் மொட்டை மாடிக்கு 8 அங்குலத் தொலைநோக்கியை ஏற்றினேன். முதல் இரவு, பார்வைப் பரப்பில் தெரிந்த புள்ளிகளையெல்லாம் பள்ளி நோட்டில் பென்சிலால் வரைந்து, இதுதான் ஏசியா என்று ஒன்றைச் சுற்றி வட்டமும் போட்டேன். மறுநாள் மேகம். சூரியனுக்கு நேரெதிரே வரும் நாட்களில் அது ஓர் இரவுக்கு நிலாவின் அகலத்தில் பாதி தூரம் நகரும் என்பதால், மூன்றாம் இரவில் இடமாற்றம் ஐயமின்றித் தெரிய வேண்டும், தெரிந்தது. வட்டம் போட்ட புள்ளி அசையவே இல்லை. ஓரத்தில் அரைமனதாக வைத்திருந்த வேறொரு புள்ளிதான், முழுநிலாவின் அகலம் அளவுக்கு மேற்கே தள்ளி நின்றது.

மாமனாரும் குனிந்து பார்த்தார். “மூணு நாளா கண்ணு முழிச்சது இந்தப் புள்ளிக்கா மாப்பிள்ளை? பக்கத்துல இருக்கிற நட்சத்திரம் மாதிரியேதானே இருக்கு” என்றார். நோட்டைக் காட்டியதும், டார்ச்சை வாங்கி அடித்து, காலியாகிவிட்ட அந்தப் பழைய இடத்தைத் தொலைநோக்கியில் நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தார்.