செயின் பக்கத்தைக் காட்டுங்கள்: சைக்கிள்காரர்களின் கேள்வி பதில்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது சைக்கிள்களை ஒரு வேப்பமர நிழலில் வரிசையாக நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். கார்பன் ரேஸ் வண்டியும் இருந்தது, பால் கேன் மாட்டும் வண்டியும் இருந்தது. வெயில் ஏறியதால் பல கேள்விகளுக்கு நின்று பதில் சொல்ல முடியவில்லை. வர முடியாத வெளியூர்க்காரர்களும் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். என் தகுதி என்னவென்றால், அப்பாவின் வாடகை சைக்கிள் கடையில் பத்து வயதிலிருந்து பஞ்சர் ஒட்டினேன், இன்னும் ஒட்டுகிறேன். அவ்வளவுதான்.

கோயம்புத்தூரிலிருந்து: புது ரோடு பைக்கைப் படம் எடுத்து அனுப்பினேன். பாராட்டுவதற்குப் பதிலாக "திருப்பி நிறுத்தி எடு" என்கிறார்கள். என்ன தப்பு அண்ணா?

வண்டியின் இடது பக்கத்தைக் காட்டியிருக்கிறீர்கள் தம்பி. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. செயின், பல்சக்கரம், கியர் எல்லாம் வலது பக்கம்தான். வண்டி பார்க்க வருகிறவன் கண் முதலில் அங்கேதான் போகும்.

அடுத்தமுறை இப்படி எடுங்கள். செயின் பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். செயினைப் பெரிய பல்சக்கரத்தில் போடுங்கள், தொங்காமல் இறுக்கமாகத் தெரியும். வலது பெடல் கடிகாரத்தில் மூன்று மணி காட்டுவதுபோல் முன்னோக்கி இருக்கட்டும். இரண்டு சக்கரத்திலும் வால்வு நேர் கீழே வரட்டும். பின்னால் வெறும் சுவர் போதும். உங்கள் படத்தில் வண்டிக்குப் பின்னால் கொடியில் காயும் லுங்கிதான் தெளிவாகத் தெரிகிறது. அப்புறம், பக்கத்தில் நின்று எடுத்தால் முன்சக்கரம் முட்டை மாதிரி ஆகிவிடும். பத்தடி தள்ளிப் போய், பெடல் உயரத்துக்குக் குனிந்து, ஜூம் செய்து எடுங்கள்.

வால்வு கீழே இருந்தால் வண்டி வேகமாகவா ஓடும் என்று கேட்பீர்கள். ஓடாது. ஆனால் இவன் நிறுத்திவிட்டு ஒருமுறை நின்று பார்த்திருக்கிறான் என்று தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அப்பா பாவித்த றலி சைக்கிள் இன்னும் வீட்டில் இருக்கிறது. எந்த வருடத்து வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது ஐயா? மூன்று கியர் இருக்கிறது, வேலை செய்யவில்லை.

உங்கள் படத்தைத்தான் இந்த வாரம் அதிக நேரம் பார்த்தேன். முதலில் ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். கொக்குத் தலையும் நொட்டிங்ஹாம் என்ற ஊர்ப் பெயரும் இருந்தால் இங்கிலாந்தில் செய்தது. றலி, அதாவது ராலே கம்பெனி, 1887இல் தொடங்கியது அந்த ஊரில்தான். மேற்கு வங்கத்தின் அசன்சோலில் சென்-ராலே என்ற பெயரில் செய்தவையும் உண்டு, அவற்றில் இந்தியாவில் செய்தது என்றிருக்கும். பெடல் பல்சக்கரத்தையும் பாருங்கள். அதிலும் கொக்குத் தலைகளை வெட்டியிருந்தால் அந்தச் சக்கரம் அசல்.

வருடத்துக்கு வருவோம். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும், அநேகமாக ஏ டபிள்யூ என்ற எழுத்துகளும், பக்கத்தில் ஓர் எண்ணும் தெரியும். 52 என்றால் 1952. சில ஹப்களில் அதை அடுத்து மாதமும் இருக்கும். மற்ற பாகங்களில் தேடி அலைவதைவிட இதுதான் சுருக்கு வழி. ஒரே ஒரு எச்சரிக்கை: அது ஹப்பின் வயது. உங்கள் அப்பா நடுவில் பின்சக்கரத்தை மாற்றியிருந்தால் வண்டி இன்னும் பழையதாக இருக்கலாம். ரிம், தகடு, பல்சக்கரம் எல்லாம் ஒரே காலத்தவை என்று தோன்றினால் மட்டும் ஹப்பை நம்புங்கள்.

கியர் செத்துப்போனது என்று முடிவு கட்டாதீர்கள். ஏ டபிள்யூ ஹப் 1936இல் வந்தது. உள்ளே சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் சூரியனைச் சுற்றும் கோள்கள்போலச் சுற்றுகின்றன. நடு கியரில் நேராக ஓடும், கீழே போட்டால் கால்பங்கு குறையும், மேலே போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடும். பெரும்பாலும் அதன் வியாதி இரண்டுதான்: எண்ணெய் காய்ந்திருக்கும், அல்லது கேபிள் தளர்ந்திருக்கும். ஹப்பின் நடுவில் எண்ணெய்விடும் சின்ன மூடி உண்டு. மெல்லிய மெஷின் ஆயில் ஒரு தேக்கரண்டி விட்டு, இரவு முழுக்க வண்டியைச் சாய்த்து வையுங்கள். கிரீஸ் வேண்டாம், சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகிவிடும். காலையில் பெடலைச் சுற்றும்போது டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்டால் ஹப்புக்கு உயிர் இருக்கிறது.

பின் டயரோடு ஒட்டி டைனமோ இருப்பதையும் பார்த்தேன். போர்க்காலத்தில் மின்சாரமும் பேட்டரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, அந்த டைனமோவில் ரேடியோ செய்தி கேட்டார்கள் என்று அங்கிருந்து வந்த நண்பர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு டைனமோவும் அந்த வேலை பார்த்ததா என்று அம்மாவைக் கேட்டு எழுதுங்கள். பார்த்திருந்தால் அதைக் கழற்றிப் பளபளப்பாக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

தஞ்சாவூரிலிருந்து: தாத்தாவின் வண்டி துருப்பிடித்துக் கிடக்கிறது. பெயிண்டர் எல்லாவற்றையும் சுரண்டிப் புதுசாக அடித்துத் தருகிறேன் என்கிறார். அடுத்த கூட்டத்துக்குப் பளிச்சென்று கொண்டுவரலாமா?

கொண்டுவராதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

1988இல் நான் செய்த பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஹெர்குலிஸை ஒரு பெயிண்டரிடம் விட்டேன். மூன்றாம் நாள் கண்ணாடி மாதிரி வந்தது. அப்பா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கோடு எங்கேடா?" என்று மட்டும் கேட்டார். கறுப்புப் பெயிண்டுக்கு மேல் மட்கார்டிலும் பிரேமிலும் கையால் இழுத்த மெல்லிய தங்கக் கோடுகள் இருந்தன. உப்புத்தாள் போட்ட இடத்தில் அவை எப்படி இருக்கும்? நகராட்சி சைக்கிள் வரி கட்டியதற்கு அடித்துத் தந்த வில்லையும் அந்தப் பட்டறைக் குப்பையோடு போனது. பெயிண்டரைக் குறை சொல்ல முடியாது, நான் சொன்னதைத்தான் அவர் செய்தார்.

ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம், அவை கோட்டையும் ஸ்டிக்கரையும் தின்றுவிடும். ரிம், ஹேண்டில்பார் போன்ற குரோம் பாகங்களுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் தொட்டுத் தேயுங்கள். குரோமைவிட அலுமினியம் மிருதுவானது, அதனால் கீறல் விழாது, துரு மட்டும் கறுப்புச் சேறாக வந்துவிடும். அதைச் செய்துமுடித்த கையோடு ஒரு படம் அனுப்புங்கள், உங்களுக்கே நம்பிக்கை வரும். பிரேம் துருவேறி ஓட்டை விழுந்திருந்தாலோ, ஜாயின்டில் விரிசல் இருந்தாலோ மட்டும் பெயிண்டைப் பற்றிப் பேசுவோம்.

சேலத்திலிருந்து: ஒருவரிடம் அவர் வண்டி என்ன விலை என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதில் என்ன தப்பு?

மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்பது மாதிரிதான். எல்லாருக்கும் தெரிந்துகொள்ள ஆசை, முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. வழக்கமாக எவ்வளவு தூரம் போவீர்கள் என்று தொடங்குங்கள், விலை தானாக வரும்.

அதைவிடப் பெரிய தப்பு, கேட்காமல் வண்டியைத் தூக்கிப் பார்ப்பது. கார்பன் வண்டி என்றாலே எல்லாருக்கும் கை பரபரக்கிறது. போட்டி வண்டிக்கு உலக சைக்கிள் சம்மேளனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ. நம் பழைய கறுப்பு வண்டி இருபது கிலோவை ஒட்டி வரும். தூக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு, சீட்டுக்குக் கீழும் ஹேண்டிலிலும் பிடித்துத் தூக்குங்கள்.

திருச்சியிலிருந்து: பி.எஸ்.ஏ. பெரிதா, ஹெர்குலிஸ் பெரிதா?

எங்கள் கடை வாசலில் இதற்காகச் சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ்தான் நம் ஊரில் இரண்டையும் செய்தது என்று சொன்னால் இருவருமே நம்ப மாட்டார்கள். இங்கிலாந்திலும் இதே கதைதான். ஹம்பர் என்ற சைக்கிள் கம்பெனியை 1932இல் ராலே வாங்கியது, ரட்ஜ் என்ற இன்னொன்றை 1943இல் வாங்கியது. 1957இல் பி.எஸ்.ஏ. சைக்கிளும் அங்கேயே போனது. 1960இல் அந்த ராலேயையே ஹெர்குலிஸை வைத்திருந்த இங்கிலாந்தின் டி.ஐ., அதாவது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், வாங்கிக்கொண்டது. சண்டை போட்டவர்கள் எல்லாம் கடைசியில் ஒரே வீட்டுச் சம்பந்திகள்.

பெயர்த் தகடு போய்விட்ட வண்டியை அடையாளம் காண ஆசை என்றால் முன்பக்கம் குனிந்து பாருங்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாயாக இருந்தால் ஹம்பர். பல்சக்கரத்தில் விரித்த உள்ளங்கை இருந்தால் ரட்ஜ்.

சென்னையிலிருந்து: பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள்தான் என்னிடம் இருக்கிறது. லட்ச ரூபாய் வண்டிகளுக்கு நடுவில் நிறுத்த வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் எந்த வண்டியைச் சுற்றிக் கூட்டம் அதிகம் தெரியுமா? பால்காரர் ஒருவருடையது. மேலே இரட்டை பார், முன் போர்க்குக்கு முட்டுக்கொடுத்துக் கூடுதல் கம்பிகள், கேன் மாட்ட வெல்டிங் செய்த கொக்கிகள், ஏற்றிய பாரத்தோடு நிற்கிற அகல ஸ்டாண்ட். கார்பன் வண்டிக்காரர்கள்தான் முதலில் உட்கார்ந்து படம் எடுத்தார்கள். அவரோ பால் ஊற்ற நேரமாகிவிட்டது என்று வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

நீங்கள் வாருங்கள். வருவதற்கு முன் ஒரு வேலை. வண்டியைக் கவிழ்த்து முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ரிம் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடினால் கோட்டம் இருக்கிறது. பக்கத்துக் கடையில் கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, காற்றைச் சரிபார்த்துக் கொண்டுவாருங்கள். கோட்டமில்லாமல் சத்தமில்லாமல் சுற்றும் சக்கரத்தைப் பார்த்தால் எந்த சைக்கிள்காரனும் நின்றுவிடுவான்.

புதுக்கோட்டையிலிருந்து: லேடீஸ் சைக்கிளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையே, ஏன்?

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வரலாமா அம்மா! 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் அது. பெண்கள் வண்டி போதாமல் ஆண்கள் வண்டியிலேயே ஏறி ஓட்டினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

பார்க்கத் தெரிந்தவனுக்கு லேடீஸ் வண்டியில்தான் விஷயம் அதிகம். மேல்பார் இல்லாமல் பிரேமை முறுக்காமல் நிறுத்துவது கஷ்டமான வேலை. வளைந்து இறங்கும் குழாய் சேரும் இடத்தைப் பாருங்கள், செய்தவனின் கை தெரியும். பழைய வண்டிகளில் சேலை சிக்காதபடி பின்சக்கரத்துக்கு வலை கட்டியிருப்பார்கள். உங்களுடையதில் அந்த வலை இருக்கிறதா? இருந்தால் அடுத்தமுறை முதல் இடத்தில் நிறுத்துவோம். திரும்பிப் பார்க்காதவர்களை நான் கவனித்துக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து: ஸ்போக்கில் கலர் மணி, ஹேண்டிலில் குஞ்சம், ஹப்பில் பிரஷ் வளையம் எல்லாம் வைத்திருக்கிறேன். மகன் சிரிக்கிறான்.

சிரிக்கட்டும். அந்த பிரஷ் வளையம் ஹப்போடு உரசி உரசித் துடைத்துக்கொண்டே வருகிறது, அது வெறும் அலங்காரமும் இல்லை. மகனிடம் ரோடு பைக் இருந்தால் ஹேண்டில் டேப்பும் பாட்டில் மாட்டும் கூடும் ஒரே நிறத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் குஞ்சம்தான், விலைதான் வேறு. ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி ஒரு படம் அனுப்புங்கள். அந்தப் படத்துக்கு மட்டும் செயின் பக்கம் விதியெல்லாம் கிடையாது.

வேலூரிலிருந்து: அடுத்தது எப்போது? என்ன கொண்டுவர வேண்டும்?

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, அதே வேப்பமரம், காலை ஆறு மணி. பம்பு கொண்டுவாருங்கள். போனமுறை நாற்பது வண்டிக்கு ஒரே பம்பு, அதுவும் என்னுடையது. திரும்பி வந்தபோது அதன் வாஷர் போயிருந்தது. யார் என்று கேட்கவில்லை, புது வாஷரோடு வந்தால் போதும்.