குடலைக் கழுவினால் உடம்பு மெலியுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. நாலு வருடமாகச் சலரோகம், காலையும் இரவும் மெட்போர்மின் குளிசை போடுகிறேன். வயிறு அடிக்கடி ஊதும், இளக்கமாகவும் போகும். தெரிந்தவர் மூலம் வந்த ஒரு அக்கா, “உங்கட குடல் முழுக்கக் கழிவும் கெட்ட பக்டீரியாவும். அதுதான் உடம்பு வைக்குது” என்று மூன்று மாதத்துக்கு ஒரு பவுடர் தருகிறார். விலை 48,000 ரூபாய். 15,000 முற்பணம் கொடுத்துவிட்டேன். பவுடர் குடிக்கும் காலத்தில் மற்றக் குளிசைகளை நிறுத்தச் சொல்கிறார். செய்யலாமா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: குளிசையை நிறுத்தாதீர்கள். மிச்சக் காசையும் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் இன்றைக்கே செய்துவிட்டு, மற்றதை ஆறுதலாக வாசியுங்கள்.

உங்கள் வயிறு ஊதுவதற்கும் இளக்கமாகப் போவதற்கும் நான் முதலில் சந்தேகப்படுவது மெட்போர்மினைத்தான். அந்தக் குளிசை போடுபவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணும் தொந்தரவு இது. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போட்டாலே பலருக்குக் குறைந்துவிடும். குறையாவிட்டால், மெதுவாகக் கரையும் வகை மெட்போர்மின் இருக்கிறது. அதற்கு மாற்றித் தர முடியுமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். மலத்தில் இரத்தம் போனாலோ, முயற்சி எதுவும் செய்யாமல் எடை இறங்கினாலோ மட்டும் தவணை நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு குளிசையின் பக்கவிளைவைப் பார்த்து “குடலில் கழிவு” என்று பெயர் வைத்து, அதே குளிசையை நிறுத்தச் சொல்லி, மேலே 48,000 ரூபாயும் கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம்! நிறுத்தினால் சீனி ஏறும். ஏறிய சீனி கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்போது அந்த அக்கா பக்கத்தில் இருக்கமாட்டார்.

சரி, குடலுக்கும் எடைக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் வியாபாரம் ஓடுகிறது. நம் பெருங்குடலில் கோடானுகோடி பக்டீரியாக்கள் வாழ்கின்றன. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெப்ரி கோர்டனின் ஆய்வுக்குழு, கொழுத்த எலிகளின் குடல் பக்டீரியாவை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தியது. மெலிந்த எலிகளின் பக்டீரியாவைப் பெற்றவற்றைவிட இவற்றின் உடலில் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது. பவுடர் விற்பவர்கள் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

2013இல் அதே குழு இன்னொன்று செய்தது. ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டைச் சகோதரிகளின் பக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்து, இரு வகை எலிகளையும் ஒரே கூட்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் எச்சத்தை மற்றது தின்னும். பக்டீரியா அப்படிப் பரவும். மெலிந்தவரின் பக்டீரியா பரவி, பருமனானவரின் பக்டீரியாவைப் பெற்ற எலி கொழுக்காமல் காத்தது. ஆனால் நார் கூடிய, கொழுப்புக் குறைந்த தீன் போட்டபோதுதான் அது நடந்தது. கொழுப்பு மிகுந்து, பழமும் மரக்கறியும் குறைந்த தீனில் அந்த நல்ல பக்டீரியாவால் குடியேறவே முடியவில்லை. பசளையும் தண்ணீரும் இல்லாத தறையில் நல்ல விதையைத் தூவி என்ன பயன்? மனிதரில் இதுவரை செய்த ஆய்வுகளில், பக்டீரியாவை மட்டும் மாற்றிக் குறிப்பிடத்தக்க எடைக்குறைப்பைக் காட்ட முடியவில்லை.

அப்படியென்றால் பவுடர் குடித்தவர்கள் முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததாகச் சொல்கிறார்களே? அண்மையில் ஒருவர் அப்படி ஒரு பக்கெட்டை என்னிடம் கொண்டுவந்தார். வெள்ளி நிறப் பக்கெட், முன்பக்கம் பச்சை இலையும் ஒடுங்கிய இடுப்பும். காலாவதித் திகதிக்கு மேல் வேறொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பின்பக்கத்துப் பொடி எழுத்தை கைபேசியில் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்த்தால், நார்த்தூள், இனிப்பூட்டி, கடைசியில் சென்னா. சென்னா என்றால் நம் நிலாவாரைதான், பேதி மருந்து. அது பெருங்குடலைத் தூண்டும். நாம் சாப்பிட்ட மாவும் கொழுப்பும் அதற்கு முன்பே, சிறுகுடலிலேயே பெரும்பாலும் உடம்பில் சேர்ந்துவிடும். வெளியே போவது தண்ணீரும் உப்பும். தராசு இறங்கும், கொழுப்பு அசையாது. தலை சுற்றினால் “நச்சு வெளியேறுது, அக்கா” என்பார்கள். அந்த உப்புகளில் ஒன்றான பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்புத் தடுமாறுவதற்கும் அவர்கள் அதே விளக்கத்தைத்தான் தருவார்கள்.

இதைவிடப் பயங்கரம், பக்கெட்டில் எழுதாமல் உள்ளே கலப்பது. சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்டது. அதன் பின்னும், “முழுக்க மூலிகை” என்று விற்ற மெலியும் பொருட்களில் அது கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. இலங்கையில் மருந்துகளைப் பதியும் அதிகாரசபை 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. சட்டம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் விற்று வீட்டுப் படலையில் கொண்டுவந்து கொடுக்கும் பார்சலை யார் பார்க்கிறார்கள்? விடியப்புறம் கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்து மத்தியானம் வரை இருக்கும் நோயாளிக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். எடையைப் பார்த்து “குறையுங்கோ” என்பார்கள், எப்படி என்று சொல்ல ஆளில்லை. அந்த அக்கா உங்கள் விறாந்தையில் ஒரு மணித்தியாலம் இருந்து காது கொடுத்துக் கேட்டிருப்பார். அந்த ஒரு மணித்தியாலத்தை நம் சுகாதாரத் துறை கொடுக்காத வரை முகவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. குடல் பக்டீரியாவின் சாப்பாடு நார். வளர்ந்தவருக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு துண்டு வெள்ளைப் பாணில் ஒரு கிராம்கூட இல்லை. அவித்த கடலை 100 கிராமில் ஏறத்தாழ 7 கிராம் இருக்கிறது. காலையில் பாணும் சம்பலும் என்றால், அதை சிவப்பரிசி மாப் பிட்டும் பயறுமாக மாற்றுங்கள். மத்தியானக் கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும். முருங்கையிலையும் வல்லாரையும் திருநெல்வேலிச் சந்தையில் கிடைக்காத நாளா? குரக்கன் நல்லது, ஆனால் சலரோகத்துக்கு நல்லதென்று மூன்று குழல் பிட்டு சாப்பிடுபவர்களைப் பார்க்கிறேன். அதுவும் மாதான், அளவு முக்கியம். நல்ல பக்டீரியா வேண்டுமென்றால் வீட்டுத் தயிரும் மோரும் போதும். நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு இன்னும் ஊதும், கிழமைக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

தேத்தண்ணியையும் பாருங்கள். மூன்று கரண்டி சீனி போட்டு ஐந்து முறை குடித்தால் 60 கிராம் சீனி, ஏறத்தாழ 240 கலோரி. பக்டீரியாவை நோவதற்கு முன் இதை நிறுத்துங்கள். 74 கிலோவில் 5 சதவீதம், அதாவது நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கினாலே சீனி நன்றாகக் கட்டுப்படத் தொடங்கும்.

ஒரேயொரு விலக்கை அழுத்திச் சொல்கிறேன். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மேலே சொன்ன கீரை, கடலைக் கணக்கு அப்படியே பொருந்தாது. கீரை, பருப்பு வகை, இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. பழுதான சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாது. பேதியால் பொட்டாசியம் இறங்குவது ஒரு ஆபத்து, இவர்களுக்கு ஏறுவது இன்னொரு ஆபத்து. நாலு வருடச் சலரோகம் என்பதால் உங்களுக்கும் இது முக்கியம். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினும், சிறுநீரில் புரதமும் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? கொப்பியில் இல்லாவிட்டால் கேட்டு எடுப்பியுங்கள். பழுது இருந்தால் கீரையை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கலாம், ஆனால் எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். பழுது இருப்பவருக்குப் பக்கத்து வீட்டார் சொல்லும் கீரைக் கஞ்சியும் வேண்டாம், என் கட்டுரையும் வேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள்: மெதுவாகக் கரையும் மெட்போர்மின் தரலாமா, சிறுநீரகப் பரிசோதனை எப்போது, ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனைக்கு அனுப்ப முடியுமா. பவுடரைக் கொஞ்சமாவது குடித்திருந்தால் பக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள், ஒளிக்க வேண்டாம். முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால், அந்த 15,000ஐ மீட்பதற்காக மிச்ச 33,000ஐக் கட்டிவிடாதீர்கள்.